பாக்குவெட்டியில் வெள்ளைத் தூள்

7

கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தது ஒரு செருப்பு. அது முனிரத்தினத்தின் காதோரமாகப் பறந்து போய், தெருவில் நிறுத்தியிருந்த டிவிஎஸ் ஐம்பதின் மேல் விழுந்தது.

"ஆஸ்பத்திரிக்காரன் எவனாச்சும் இந்த வாசப்படிய மிதிச்சா அடுத்தது மூஞ்சியிலதான்," என்றார் சுப்பராயலு.

"இன்னொண்ணையும் போட்டுடு நைனா. ஒத்தச் செருப்ப வெச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றான் முனிரத்தினம்.

கூட வந்திருந்த ஏகநாதன் அவனை முழங்கையால் இடித்துவிட்டு முன்னால் வந்தார்.

"நாங்க ஆஸ்பத்திரி ஆளுங்க இல்ல. தாம்பரத்துல துப்பறியற ஆபீஸ் வெச்சிருக்கோம். உங்க சம்சாரம் எப்படி இறந்தாங்கன்னு விசாரிக்க வந்தோம்."

"அதான் ஊருக்கே தெரியுமே. அந்த நர்சு தப்பு ஊசி போட்டுக் கொன்னா. உங்கள அனுப்பினது யாரு? அவளா?"

"ஆமாம், தபீதாள்தான்."

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் ஏகநாதன் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து மேலதிகாரியோடு சண்டை போட்டு வேலையை விட்டவர். பொய் சொல்கிறவன் முகம் எப்படி இருக்கும் என்று ஆயிரம் பேரிடம் பார்த்தவர். அந்த முகத்தைத் தானும் மாட்டிக்கொள்ள அவருக்குப் பிடிக்காது.

சுப்பராயலு இரண்டாவது செருப்பைக் கையில் எடுத்தார்.

விஷயம் இதுதான். கிழக்குத் தாம்பரத்தில் நர்சிங் ஹோம் நடத்துகிற டாக்டர் சத்தியநாதன், ஒரு மருந்து கம்பெனிக்காகப் புது ரத்த அழுத்த மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார். கோவிலம்பாக்கத்தின் இந்தத் தெருவில் அழுத்தம் உள்ள பெண்களைப் பிடித்து இலவச மாத்திரை கொடுத்தார். பாதிப் பேருக்குச் சிவப்பு மூடி பாட்டில்; அதில் இருப்பது நிஜ மருந்து. மீதிப் பேருக்குப் பச்சை மூடி பாட்டில். அதில் இருப்பது பார்க்க அதே மாதிரி செய்த வெறும் மாவு. சிவப்புக்காரர்களுக்கு அழுத்தம் இறங்கி, பச்சைக்காரர்களுக்கு இறங்காமல் நின்றால் மருந்து ஜெயித்தது. கம்பெனி விற்கும். டாக்டர் மேடை ஏறுவார்.

சுப்பராயலுவின் மனைவி அங்காளம்மாள் பச்சை மூடி. போன வாரம் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது என்று நர்சிங் ஹோமுக்கு வந்தாள். டாக்டர் இல்லை. நர்ஸ் தபீதாள் வாந்திக்கு ஒரு ஊசி போட்டாள். அங்காளம்மாள் பெஞ்சிலிருந்து சரிந்து விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. "அவள் சாப்பிட்டது மாவு. மாவு யாரையும் கொல்லாது. அப்படியானால் கொன்றது ஊசி" என்று டாக்டர் போலீசில் சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் தனசிங் இன்று சாயங்காலம் தபீதாளைக் கோர்ட்டில் நிறுத்தப் போகிறார். நிறுத்திவிட்டால் வேலையும் போகும், நர்ஸ் என்ற பெயரும் போகும், ஜெயிலும் கிடைக்கும்.

"உங்க சம்சாரம் சாப்பிட்ட மாத்திரை பாட்டில மட்டும் காட்டுங்க," என்றார் ஏகநாதன். "ஊசிதான் காரணம்னு எனக்குத் தோணிச்சுன்னா, நானே ஸ்டேஷனுக்குப் போய் அந்தம்மாவுக்கு விலங்கு மாட்டச் சொல்றேன்."

சுப்பராயலு அவரை மேலும் கீழும் பார்த்தார். செருப்பு மெல்லக் கீழே இறங்கியது. "பாத்துட்டு உடனே போயிடணும்."

சாமி மாடத்தின் ஓரத்தில் பச்சை மூடி பாட்டில் இருந்தது. முனிரத்தினம் எடுத்து ஆட்டினான். சத்தம் வந்தது. திறந்தான். உள்ளே கற்பூரம்.

"டாக்டரு சாமிக்கும் சேத்து வைத்தியம் பாக்கறாரு போல கீது."

ஏகநாதன் பாட்டிலை மூக்கருகே பிடித்தார். கற்பூர வாசனை பிளாஸ்டிக்கில் ஊறிப் போயிருந்தது. இது அவள் செத்த பிறகு போட்ட கற்பூரம் இல்லை. இந்தப் பாட்டிலில் மாத்திரை இருந்து வெகு காலம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் அங்காளம்மாள் சாகிற அன்று காலைவரை மாத்திரை சாப்பிட்டாள் என்று அவள் புருஷனே வாக்குமூலம் கொடுத்திருந்தார்.

"மாத்திரைய எங்க வெச்சிருந்தாங்க?"

"எனக்கு இன்னா தெரியும்? பொம்பளைங்க சமாச்சாரம்."

மாடத்துக்குக் கீழே ஒரு பாக்குவெட்டி கிடந்தது. முனிரத்தினத்தின் முகம் மலர்ந்தது. "வெத்தலப் பொட்டி எங்க நைனா? காலைலேர்ந்து ஒண்ணும் உள்ள போவல."

"இந்த வூட்ல யாரும் வெத்தல போடறதில்ல."

சொன்ன பிறகுதான் சுப்பராயலுவுக்குத் தான் சொன்னது உறைத்தது. ஏகநாதன் அதற்குள் பாக்குவெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். பாக்கு வெட்டுகிற இரும்பில் செம்பழுப்புக் கறை இருக்கும். இதில் கறை இல்லை. வாயின் ஓரத்தில், சுண்ணாம்பு மூட்டை இறக்கினவன் நகத்தில் ஒட்டியிருக்கிற மாதிரி, வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். முதலில் தித்தித்தது. பிறகு கசந்தது.

"வெஷமா இருந்தா இன்னா பண்ணுவ சார்?"

"உன் பேச்சக் கேக்கற பேஜார் விட்டுதுன்னு போய்ச் சேருவேன்." அவர் சுப்பராயலு பக்கம் திரும்பினார். "இது யாரோடது?"

"பச்சையம்மா வூட்டுது. அவளையே போய்க் கேளு. இப்ப வெளிய போறியா, இல்ல ரெண்டாவத வீசட்டுமா?"

தெருமுனையில் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. பெண்கள் குடங்களோடு கூடியிருந்தார்கள். நர்ஸ் அனுப்பிய ஆட்கள் வந்திருக்கிற செய்தி எந்தக் கால் கொண்டு நடந்ததோ, இவர்கள் போவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. லாரிக் குழாயைக் கையில் பிடித்திருந்த பெரிய உருவம் திரும்பியது. அதுதான் பச்சையம்மா.

"நர்சு அனுப்பின ஆளுங்களா? நல்லாக் கேட்டுக்கோ. அவ வூட்டு வாசல்ல சாணி கரைச்சி ஊத்துனதே நாந்தான். இன்னொரு தபா ஊத்துவேன். இங்க இன்னா வேலை உங்களுக்கு?"

"இன்னா யக்கா, தண்ணிப் பஞ்சத்துல சாணியக் கரைக்கத் தண்ணி கெடைச்சுதா?" என்றான் முனிரத்தினம்.

ஒருத்தி சிரித்துவிட்டாள். பச்சையம்மா திரும்பிப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு செத்தது.

ஏகநாதன் ஒன்றும் கேட்கவில்லை. பார்த்துக்கொண்டு நின்றார். யாருமே குழாயில் குடம் பிடிக்கவில்லை. லாரித் தண்ணீர் முழுவதும் பச்சையம்மா வீட்டு வாசல் சிமெண்டுத் தொட்டியில் விழுந்தது. நிறைந்த பிறகு ஒரு கட்டையை விட்டுக் கலக்கினார்கள். அதன் பிறகுதான் குடம் குடமாக மொண்டார்கள்.

"இதென்ன வழக்கம்?" என்று பக்கத்தில் நின்ற ஒல்லியான பெண்ணிடம் கேட்டார். கங்கையம்மாள் என்று அவளை யாரோ கூப்பிட்டிருந்தார்கள்.

"லாரில மொதல்ல துரு வரும், நடுவுல தெளிவு, கடைசில சேறு. ஒருத்திக்குத் தெளிவும் ஒருத்திக்குச் சேறும் போனா மண்டை ஒடையும். அதான் கலக்கிடறது. நல்லதோ கெட்டதோ எல்லாருக்கும் ஒண்ணு."

ஏகநாதன் முனிரத்தினத்தைப் பார்த்தார். கையிலிருந்த பாக்குவெட்டியைப் பார்த்தார். முனிரத்தினத்துக்கு அவ்வளவு போதும். அவன் குரல் அழுகிற குரலாக மாறியது.

"யக்கா, எங்கம்மாக்கும் பிரஷரு. மாத்திரைய வாய்ல வெச்சா துப்பிடுது. டாக்டர் கைல கெஞ்சி ஒரு பாட்டிலு வாங்கப் போறேன். பச்சை மூடி வாய்க்கு எப்படி கீது?"

"பரவால்ல. மொதல்ல தித்திக்கும், அப்பால கசக்கும்," என்றாள் கங்கையம்மாள். "எனக்குப் பச்சைதான் குடுத்தாங்க."

"அப்ப செவப்பு வேணாம், பச்சையே வாங்கிடறேன்."

"செவப்பும் அதேதான். எனக்குச் செவப்பு. தித்திப்பு, அப்பால கசப்பு," என்றாள் குடத்தோடு நின்ற இன்னொருத்தி.

பச்சையம்மாவின் கையிலிருந்து குழாய் நழுவியது. "வாய மூடுங்கடி ரெண்டு பேரும்!"

"மூடினது போதும்," என்றார் ஏகநாதன். "ஒரு மூடியில மருந்து, ஒரு மூடியில மாவு. ரெண்டு பேர் வாயிலயும் எப்படி ஒரே ருசி வரும்? தண்ணியக் கலக்கின மாதிரி மாத்திரையயும் கலக்கினீங்க. வெட்டினது இதால."

அவர் பாக்குவெட்டியை நீட்டினார். நழுவிய குழாயில் மிச்சமிருந்த தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது; அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

பச்சையம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஆமா, கலக்கினோம். அதுக்கு இன்னா இப்போ? மொத நாளே சண்டை வந்துடுச்சி. ஒருத்திக்குச் செவப்பு, ஒருத்திக்குப் பச்சை. எது ஒசத்தி, எது மட்டம்? கேட்டா டாக்டரு சொல்ல மாட்டேன்றாரு. ஒரே தெருவுல ஒருத்தி பொழைக்கணும், ஒருத்தி சாவணுமா? அன்னிக்கே எல்லாத்தையும் ரெண்டா வெட்டிட்டோம். ஆளுக்கு ஒரு செவப்புப் பாதி, ஒரு பச்சைப் பாதி. அங்காளம்மாதான் வெட்டுவா. அவ வெட்டுனா ஒரு பக்கம் கூடாது, ஒரு பக்கம் கொறையாது."

வீட்டுக்குள் போய் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். டப்பாவின் உள்ளே நடுவில் ஒரு அட்டைத் தடுப்பு. இரு பக்கமும் முழு மாத்திரை ஒன்றுகூட இல்லை. எல்லாம் பாதிகள்.

"டப்பாவோட என்கூட தாம்பரம் வரணும்," என்றார் ஏகநாதன்.

"அந்த நர்சு சிறுக்கிக்காக நான் வரணுமா? என் செருப்பு வரும்."

"ஏற்கெனவே ஒண்ணு வந்துடுச்சி யக்கா, வண்டி மேல கீது," என்றான் முனிரத்தினம். "நீ டாக்டருக்காக வா. ஒங்கள்ல பாதிப் பேருக்கு மாவக் குடுத்து மருந்துன்னு சொல்லிக்கிறாரே, அவரப் போய்க் கேக்க வா."

பச்சையம்மாவுக்கு அப்போதுதான் அந்த வார்த்தை உறைத்தது.

"மாவா? எங்களுக்கா?" அவள் புடவையை இழுத்துச் செருகினாள். "கூப்புட்றா ஆட்டோவ."

டாக்டர் சத்தியநாதனின் அறையில் குளிர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேசையின் அந்தப் பக்கம் டாக்டர், இந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர் தனசிங். தனசிங் டாக்டர் கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தார். சுவர் ஓரமாக, ஒரு பெண் போலீஸ் பக்கத்தில் நிற்க, தபீதாள் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கோர்ட்டுக்குப் போகிற வழியில் டாக்டரிடம் கையெழுத்து ஒன்று வாங்க அவளை இங்கே கூட்டி வந்திருந்தார்கள்.

"வாய்யா ஏகநாதன்," என்றார் தனசிங். "டிக்கெட் இல்லாதவன் இங்க ஒருத்தன்தான். இப்ப உள்ள வந்தவன்."

"பிளாட்பாரம் டிக்கெட் கீது சார்," என்றான் முனிரத்தினம்.

பச்சையம்மாவைப் பார்த்ததும் தபீதாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாணி நாற்றம் அவள் வாசலைவிட்டு இன்னும் போகவில்லை.

டாக்டருக்குப் பின்னால் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. அடுத்த நாள் டெல்லியில் நடக்கிற மாநாட்டில் காட்டுவதற்காக வரைந்தது. இரண்டு கோடுகள். சிவப்புக் கோடு படிக்கட்டு மாதிரி இறங்கியது. பச்சைக் கோடு தண்டவாளம் மாதிரி நேராகப் போனது.

"அழகா இருக்கு டாக்டர்," என்றார் ஏகநாதன். "எனக்குப் புரியற மாதிரி கொஞ்சம் சொல்லுங்க."

"உங்களுக்கு எல்லாம் புரியாது. இது சயின்ஸ்." ஆனாலும் படத்தைப் பார்த்ததும் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "சிவப்பு மூடி க்ரூப்ல அத்தனை பேருக்கும் பிரஷர் இறங்கியிருக்கு. பச்சை மூடில யாருக்கும் இறங்கல. அதுதான் இந்த ஸ்டடியோட சிறப்பே. மருந்து வேற, மாவு வேறன்னு இதைவிடச் சுத்தமா யாரும் காட்ட முடியாது."

"பச்சையில ஒருத்தருக்குக்கூட இறங்கலயா?"

"ஒருத்தருக்குக்கூட இல்ல. நானே செக் பண்ணியிருக்கேன்."

"இன்ஸ்பெக்டர், கேட்டுக்கிட்டீங்களா?"

"காது இருக்குய்யா. சீக்கிரம் முடி."

"பச்சையம்மா, டப்பாவத் தொறங்க."

மூடி மேசைமேல் தட்டென்று விழுந்தது. பச்சையம்மா டப்பாவை டாக்டர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இதுல எது மாவு? சொல்லுய்யா. எந்தப் பாதி மாவு?"

ஏகநாதன் நடந்ததைச் சொன்னார். மூடி நிறம், முதல் நாள் சண்டை, பாக்குவெட்டி, ஆளுக்கு இரண்டு பாதி. சொல்லச் சொல்ல டாக்டரின் கழுத்து சிவந்துகொண்டே வந்தது. அவர் எழுந்து மேசையை அறைந்தார்.

"முட்டாள் ஜனங்க! படிப்பு கெடையாது, ஒழுங்கு கெடையாது! எத்தனை மாச உழைப்பு! எல்லாரும் ரெண்டையும் தின்னா ஸ்டடியே கெட்டுப் போச்சே!"

"கெட்டுப் போச்சா?" ஏகநாதன் நிதானமாகப் படத்தின் பக்கம் கையைக் காட்டினார். "கெடலயே டாக்டர். கோடு எவ்வளவு அழகா இறங்குது பாருங்க."

டாக்டர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். காபி டம்ளரை உதடுவரை கொண்டுபோன தனசிங் அதைக் கீழே வைத்தார்.

"ஒரே டப்பாவுல தின்னவங்க," என்றார் ஏகநாதன். "இறங்கினா எல்லாருக்கும் இறங்கணும். இறங்கலன்னா யாருக்கும் இறங்கக் கூடாது. இவங்க வீட்டுல இறங்கி, பக்கத்து வீட்டுல அப்படியே நின்னு... இந்தக் கோடு எங்கிருந்து வந்துச்சு?"

"டெல்லில ஓட்டப் போற படத்துக்குக் கதை வசனம் இங்கியே எழுதிக்கிறாரு சார்," என்றான் முனிரத்தினம்.

"ரீடிங் எடுத்தது நான் இல்ல," என்றார் டாக்டர் அவசரமாக. விரல் சுவர் ஓரத்துக்கு நீண்டது. "எடுத்தது அவ. தப்புன்னா அவ தப்பு."

தபீதாள் முதல் தடவையாக நிமிர்ந்தாள்.

"சிஸ்டர், நீங்க அளந்தப்ப எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் ஏகநாதன்.

"என்னக் கேக்காதீங்க சார். எனக்குக் காது சரியில்ல." அவள் காதைத் தொட்டுக்கொண்டாள். "எல்லாருக்கும் இறங்கிக்கிட்டே வந்துச்சு. செவப்பு, பச்சை எல்லாருக்கும். டாக்டர்கிட்டச் சொன்னேன். 'உனக்குக் காது போச்சு, ஸ்டெதஸ்கோப் வெச்சாக் கேக்கல, நீயெல்லாம் எதுக்கு நர்ஸ்'னு எல்லார் எதிர்லயும் திட்டினாரு. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சுட்டேன். காது போச்சுன்னா வெளிய சொல்ல முடியுமா? வேலைய விட்டு எடுத்துடுவாங்களே."

சாட்சி தேடி அலைந்த வழக்கில், இருந்த ஒரே சாட்சியைத்தான் குற்றவாளி என்று சுவர் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

"உங்க காது நல்லாத்தான் இருக்கு. அதுதான் டாக்டருக்கு ஆகல," என்றார் ஏகநாதன். "இன்னும் ஒண்ணு சொல்லுங்க. யாருக்கு எந்த மூடின்னு எப்படிப் பிரிச்சாங்க?"

"குலுக்கல் போட்டுப் பிரிக்கணும்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. டாக்டர் குலுக்கல. திடமா இருக்கறவங்களுக்குச் செவப்பு. மயக்கம் வர்றவங்களுக்கெல்லாம் பச்சை. அங்காளம்மாவுக்கு அடிக்கடி மயக்கம் வரும்னு நான்தான் சொன்னேன். 'அப்ப அவளுக்குப் பச்சையே குடு, மருந்து மேல பழி வரக் கூடாது'ன்னாரு."

தனசிங் எழுந்தார். இத்தனை நேரம் ஏகநாதன் மேல் இருந்த எரிச்சல் அப்படியே மேசையின் அந்தப் பக்கம் இடம் மாறியது. "ஆக, புது மருந்து அந்தம்மாவுக்கு ஆகாதுன்னு உமக்குத் தெரியும். அப்படித்தானே?"

"நான் லாயர் இல்லாம பேச மாட்டேன்," என்று டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பேசினவரைக்கும் போதும்."

பச்சையம்மா டப்பாவைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அவள் குரலில் இருந்த காரம் முழுக்க வடிந்திருந்தது.

"அப்ப அவளுக்கு மாவு குடுத்ததுதான் நல்லதா? நாங்க பங்கு போட்டோம். அவளுக்கு ஆகாததை அவ கையாலயே வெட்டவெச்சி... நாங்கதான் அவள சாவடிச்சோமா?"

முனிரத்தினம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

பதில் சுவர் ஓரத்திலிருந்து வந்தது.

"உன்ன எனக்குப் பிடிக்காது," என்றாள் தபீதாள். "என் வாசல்ல சாணி ஊத்தினவ நீ. ஆனாலும் சொல்றேன். உங்களுக்கு இது சோதனைன்னு யாராவது சொன்னாங்களா? எது மருந்து, எது மாவு, யாருக்கு ஆகாதுன்னு சொன்னாங்களா? சொல்லியிருந்தா நீங்க வெட்டியிருக்க மாட்டீங்க. சொல்லாதவன் அங்க உக்காந்திருக்கான். இப்படி வா. கைய நீட்டு."

"எதுக்கு?"

"இன்னைக்கும் தின்னுட்டுத்தானே வந்த?"

பச்சையம்மா உட்கார்ந்தாள். தபீதாள் பெண் போலீசைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்து அழுத்தம் பார்க்கிற கருவியை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். பாதரசம் இறங்கியது. இன்னும் இறங்கியது.

"எவ்ளோ கீது?" என்றாள் பச்சையம்மா.

தபீதாள் எண்ணைச் சொன்னாள். பச்சையம்மாவுக்கு அது புரியவில்லை. டாக்டருக்குப் புரிந்தது. அவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"ரொம்ப இறங்கியிருக்கு. அங்காளம்மாவும் இதாலதான் விழுந்திருக்கணும், ஊசியால இல்ல. எழுந்திருக்காதே, அப்படியே படு. உங்க தெருவுல இனி ஒருத்தியும் அந்த டப்பாவத் தொடக் கூடாது. இன்ஸ்பெக்டர், ஜீப்ப அனுப்பி அத்தனை பேரையும் இங்க கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

தனசிங் ஏற்கெனவே கதவருகில் இருந்தார்.

தபீதாள் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றி, டாக்டரின் முன்னால், அந்தப் பாதி மாத்திரைகளின் மேலேயே போட்டாள்.

"என் காது மேல நம்பிக்கை இல்லன்னா நீங்களே வெச்சுக் கேளுங்க டாக்டர்."

அவர் அதை எடுக்கவில்லை.